முள்ளெலும்பு சாட்சி சொல்லும் பழங்காலக் கடற்பாம்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலில் பாம்பு வாழ்ந்ததற்குப் புதைபடிவ ஆதாரம் என்று எதைக் காட்டுகிறார்கள்?

இரண்டு தனித்தனிக் கூட்டங்களை. காலத்தால் ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

முதல் கூட்டம் கிரெட்டேசியஸ் காலத்தின் செனோமேனியன் கட்டத்தைச் சேர்ந்தது. இன்றைக்கு ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கும் 9.4 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலம். இவை சின்னப் பாம்புகள். நன்கு தெரிந்த பாக்கிராக்கிஸ் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். பின்னங்கால் இருந்தது. பாலஸ்தீனத்தின் ஐன் யப்ரூத், லெபனானின் அல்-நம்மூரா, பொஸ்னியா-ஹெர்சகோவினாவின் பிலெச்சா, பிரான்சின் அட்லாண்டிக் கரை ஆகிய இடங்களில் கிடைத்தன. டெதிஸ் என்ற பழங்கடலின் மேற்குப் பகுதியும் அதை ஒட்டிய ஆழமில்லாக் கடல்களுமே இவற்றின் வாழிடம். சிமோலியோஃபிடே குடும்பம் என்று அழைப்பார்கள்.

இரண்டாம் கூட்டம் பாலியோஃபிடே. கிரெட்டேசியஸின் கடைசியில் மொராக்கோவில் தலைகாட்டி, இயோசீன் காலத்தில் (5.6 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுகள் முன்பு) உலகம் முழுக்கப் பரவியது. இங்கிலாந்து, மொராக்கோ, மாலி, எகிப்து, அமெரிக்காவின் அலபாமா, தென்னமெரிக்காவின் எக்வடோர், நம் குஜராத் எல்லாம் இதில் அடக்கம். பாலியோஃபிஸ், டெரோஸ்ஃபீனஸ் என்பவை முக்கியப் பேரினங்கள். பெரிய பாம்புகள் இந்தக் கூட்டத்தில்தான்.

இன்றைய கடற்பாம்புகள் இவற்றின் வழி வந்தவையா?

இல்லை. இந்தத் துறையில் அதிகம் குழப்பப்படும் விஷயம் இதுதான். சென்னை, நாகப்பட்டினக் கரைகளில் வலையில் ஏறி வரும் ஹைட்ரோஃபிஸ் வகைகள் நாகப்பாம்பு, கட்டுவிரியனின் உறவுக்காரர்கள். அவற்றின் முன்னோர் நிலத்திலிருந்து கடலுக்குள் இறங்கி ஒரு கோடி ஆண்டுகூட ஆகியிருக்காது என்பதே மரபணுக் கணக்கு. பாலியோஃபிஸ் அழிந்து இரண்டு கோடி ஆண்டுக்கும் மேல் கழிந்த பிறகு நடந்த தனிக் கதை அது.

ஆகப் பாம்புகள் கடலுக்குள் போனது ஒரு முறையல்ல, பல முறை. ஒவ்வொரு முறையும் வேறு குடும்பம். "பழைய கடற்பாம்பு" என்று ஒரு செய்தி வந்தால், எந்தக் கூட்டம் என்று முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

இன்னொரு வேடிக்கை: இன்றைய கடற்பாம்புகளுக்குத்தான் புதைபடிவம் கிட்டத்தட்ட இல்லை. இனம் இளையது, எலும்பு மெல்லியது, அவை பெருகிய தென்கிழக்காசிய ஆழமில்லாக் கடல்களின் வண்டலில் பெரும்பகுதி இன்னும் நீருக்கடியிலேயே கிடக்கிறது. நம் மீனவர்கள் வலைகடியன் என்று சொல்லும் பாம்பின் பெயர் ஒரு காலத்தில் "வலகடின்" என்று அறிவியல் பெயருக்குள்ளேயே ஏறியது. அப்படிப்பட்ட பாம்புக்கும் இதே கதிதான்.

காலுள்ள பாம்பு உண்மையிலேயே கிடைத்ததா? வரைந்ததா?

உண்மையிலேயே கிடைத்தது. ராமல்லாவுக்கு அருகிலுள்ள ஐன் யப்ரூத் கல்குவாரியின் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த பாக்கிராக்கிஸ் ப்ராப்ளமாட்டிகஸை 1979இல் கேயோர்க் ஹாஸ் விவரித்தார். பெயரிலேயே "சிக்கலானது" என்று வைத்துவிட்டார். பாம்பா பல்லியா என்று அவருக்கே தீரவில்லை. 1997இல் மைக்கேல் கால்ட்வெல்லும் மைக்கேல் லீயும் அதே எலும்புகளை மறுபடி ஆராய்ந்து, இது பின்னங்கால் உள்ள பாம்பு என்று எழுதியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதே இடத்திலிருந்து 2000இல் ஹாசியோஃபிஸ், அதே ஆண்டு லெபனானிலிருந்து யூப்போடோஃபிஸ் என்று வரிசையாக வந்தன.

யூப்போடோஃபிஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லின் மேற்பரப்பில் ஒரு கால்தான் தெரிந்தது. இன்னொன்று கல்லுக்குள். உடைத்துப் பார்த்தால் அந்தப் புதைபடிவமே போய்விடும். பிரான்சின் கிரனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர்க் கூடத்தில் வைத்து, கல்லை உடைக்காமலே உள்ளே பார்த்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. கால் சுமார் 2 செ.மீ. நீளம். தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்புகள், கணுக்கால் எலும்புகள் உண்டு. பாதமும் விரல்களும் இல்லை.

இந்தக் கால்களால் நடந்திருக்குமா?

வாய்ப்பில்லை. பாக்கிராக்கிஸ், ஹாசியோஃபிஸ் இரண்டிலும் இடுப்பெலும்பு முதுகெலும்போடு இணையவில்லை. உடல் எடையை முதுகெலும்புக்குக் கடத்தும் இணைப்பு இல்லாத கால், உடலைத் தாங்காது. நீந்தவும் அந்த அளவுக்குப் பெரிதாக உதவியிருக்காது. இனச்சேர்க்கையின்போது பிடித்துக்கொள்ள மலைப்பாம்புகளின் நகமுள் இன்றும் பயன்படுகிறது. அதுபோல் ஏதாவது இருந்திருக்கலாம், ஆனால் எலும்பு அதைச் சொல்லாது.

ஒப்பிட்டுப் பார்க்க அர்ஜென்டினாவின் நஜாஷ் இருக்கிறது (2006இல் விவரிக்கப்பட்டது). அதில் இடுப்பு முதுகெலும்போடு சேர்ந்திருந்தது. நஜாஷ் நிலப் பாம்பு.

அப்படியானால் பாம்பினமே கடலில்தான் பிறந்தது என்று சொல்லலாமா?

ஒரு காலத்தில் வலுவாகச் சொன்னார்கள். 1869இலேயே எட்வர்ட் டிரிங்கர் கோப், மொசாசார் என்னும் மாபெரும் கடல் பல்லிகளையும் பாம்புகளையும் நெருங்கிய சொந்தம் என்று சேர்த்தார். காலுள்ள கடற்பாம்புகள் வந்ததும் அந்தக் கருத்துக்கு மறுபடி உயிர் வந்தது: பழமையான பாம்பு, கால் இருக்கிறது, கடலில் இருக்கிறது, எனவே தொடக்கம் கடலில்.

இந்த வாதத்தில் ஒரு ஓட்டை. கால் இருப்பதாலேயே ஒரு பாம்பு குடும்ப மரத்தின் அடியில் வந்துவிடாது. ஹாசியோஃபிஸின் மண்டையோடு, பெரிய இரையை விழுங்கும் மேம்பட்ட பாம்புகளின் சாயலில் இருக்கிறது என்று அதை விவரித்தவர்களே வாதிட்டார்கள். அது சரியென்றால், கால் என்பது முன்னோரின் அடையாளம் அல்ல. பிற்காலக் கிளை ஒன்றில் மிச்சமிருந்த உறுப்பு. நஜாஷ் நிலத்தில் வாழ்ந்தது, டினிலைசியா என்ற இன்னொரு அர்ஜென்டினப் பழம்பாம்பின் உட்காது அமைப்பு வளை தோண்டும் பிராணியைக் காட்டுகிறது என்ற 2015ஆம் ஆண்டு ஆய்வு, இவையெல்லாம் தராசை நிலத்தின் பக்கம் சாய்த்தன. எங்கள் கணிப்பும் அதுதான்: காலுள்ள கடற்பாம்புகள் பாம்பினத்தின் தொடக்கம் அல்ல, கடலுக்குப் போன ஒரு பழங்கிளை. ஆனால் அவற்றின் சரியான இடம் பற்றிய சச்சரவு இன்னும் முடியவில்லை.

நான்கு காலுள்ள பாம்பு என்று 2015இல் பரபரப்பான டெட்ராபோடோஃபிஸையும் இங்கே சொல்லிவிடலாம். 2021இல் வந்த மறுஆய்வு, அது பாம்பே அல்ல, டோலிகோசார் என்ற நீள்கழுத்துக் கடல் பல்லி வகை என்றது.

கையில் ஒரே ஒரு முள்ளெலும்பு இருக்கிறது. பாம்புதான் என்று எப்படித் தெரியும்?

இந்த வரிசையில் பாருங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும்.

முதலில் இரண்டு முனைகளையும் பாருங்கள். முன்முனை கிண்ணம்போல் குழிந்து, பின்முனை குமிழ்போல் உருண்டிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் குழிந்திருந்தால் எலும்பு மீன். வளையம் வளையமாகக் கோடு போட்ட வட்டத்தகடு என்றால் சுறா. இரண்டு முனையும் தட்டையென்றால் திமிங்கிலம், கடற்பசு போன்ற பாலூட்டி.

அடுத்து, தண்டுவடக் குழாய்க்கு மேலே முன்பக்கம் ஓர் ஆப்பு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில் அந்த ஆப்பு போய் உட்காரும் குழி இருக்கும். ஆப்புக்கு ஜைகோஸ்பீன், குழிக்கு ஜைகேன்ட்ரம் என்று பெயர். தச்சு வேலையில் நாக்கும் காடியும் சேர்வதுபோல இவை பூட்டிக்கொள்வதால்தான் நூற்றுக்கணக்கான கண்ணிகள் உள்ள முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளாமல் வளைகிறது. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். உடும்பு இனத்தில் இல்லாவிட்டாலும் இகுவானாக்களிலும் சில மொசாசார்களிலும் இந்த ஆப்பு உண்டு.

மூன்றாவது, விலா எலும்பு பொருந்தும் இடம். பாம்பின் உடற்பகுதி முள்ளெலும்பில் பக்கவாட்டில் நீளும் கைகள் இருக்காது; முள்ளெலும்பின் பக்கத்திலேயே ஒட்டினாற்போல் ஒரு புடைப்பு இருக்கும்.

குமிழின் சாய்வும் உதவும். உடும்பு இனத்தின் குமிழ் மேல்நோக்கிச் சாய்ந்து, கீழிருந்து பார்த்தால் சரியாகத் தெரியாது. பாம்பின் குமிழ் கிட்டத்தட்ட நேராகப் பின்னோக்கி, நல்ல உருண்டையாக இருக்கும்.

சரி, பாம்புதான். கடலில் வாழ்ந்தது என்று எலும்பு எப்படிச் சொல்லும்?

இதற்கு மூன்று சாட்சி தேவை: வடிவம், எலும்பின் உள்ளமைப்பு, கிடைத்த பாறை. ஒன்று மட்டும் இருந்தால் சந்தேகத்தோடு எழுதுங்கள்.

வடிவத்தை டெரோஸ்ஃபீனஸில் பார்த்தால் மறக்காது. சாதாரணப் பாம்பின் முள்ளெலும்பு அகலமாக, உட்கார்ந்த தவளைபோல் இருக்கும். டெரோஸ்ஃபீனஸின் முள்ளெலும்பு இரண்டு பக்கமும் அமுக்கியது போல ஒடுங்கி உயர்ந்திருக்கும். விலா பொருந்தும் இடம் மிகவும் கீழே இறங்கியிருக்கும், அதனால் விலாக்கள் பக்கவாட்டில் விரியாமல் கீழ்நோக்கித் தொங்கும். உடல் நாடாபோல் தட்டையாகிறது. இன்றைய கடற்பாம்பும் அப்படித்தான்: தட்டையான உடல் தண்ணீரைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளும், ஆனால் மணலில் போட்டால் சாய்ந்து விழும். முதுகு முள் உயரமாக இருக்கும். அதற்கு இருபுறமும் பின்பக்கத்தில் சிறகுபோல் இரண்டு முட்கள் மேலெழும். இவற்றை டெரபோஃபைசிஸ் என்கிறார்கள். பாலியோஃபிடே குடும்பத்தை அடையாளம் காண முதலில் தேட வேண்டியது இதைத்தான். அடிப்பக்கத்திலும் முன்னும் பின்னுமாக இரண்டு முட்கள் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சிறகு முள்ளும் முதுகு முள்ளும் மெல்லியவை. அலையில் உருண்ட எலும்பில் முதலில் உடைவதே அவைதான். உடைந்த தழும்பு இருக்கிறதா என்று பார்க்காமல் "சிறகு முள் இல்லை, எனவே பாலியோஃபிடே அல்ல" என்று எழுதுவது வழக்கமான பிழை. இன்னொன்று: மேலே படிந்த வண்டலின் கனத்தில் நசுங்கிய சாதாரண முள்ளெலும்பும் ஒடுங்கித்தான் தெரியும். தண்டுவடக் குழாயின் துவாரம் கோணலாக இருந்தால் அது நசுங்கல். ஒழுங்காக இருந்தால் ஒடுக்கம் பிறவியிலேயே வந்தது.

பாறை என்ற சாட்சிக்கு வருவோம். சுறாப் பல், கடல் மட்டி, கடல் நுண்ணுயிர் ஓடுகள் கூடவே கிடைத்தால் வண்டல் கடலுடையது. ஆனால் ஆறு அடித்துக்கொண்டு வந்த நிலப் பாம்பின் எலும்பும் கடல் வண்டலில் சேரும். ஒரே ஒரு தேய்ந்த எலும்பு என்றால் அடித்துவரப்பட்டதாக இருக்கலாம். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு கடல் வண்டல்களில் ஒரே பேரினம் திரும்பத் திரும்பக் கிடைத்தால் அங்கே வாழ்ந்தது என்பதில் சந்தேகம் குறைவு. பாலியோஃபிஸுக்கு அதுதான் பலம்.

எலும்பு கனமாக இருந்தால் மூழ்கிவிடாதா? ஏன் கனமான எலும்பு?

மூழ்க வேண்டும் என்பதற்காகத்தான். நுரையீரலில் காற்றோடு ஆழமில்லாத நீரில் மேயும் பிராணிக்கு, மேலே மிதந்துகொண்டே வருவதுதான் தொல்லை. கடற்பசுவின் விலா கல்போல் கனப்பதும் இதனால்தான். பாக்கிராக்கிஸின் நடுவுடல் முள்ளெலும்பும் விலாவும் ஊதினாற்போல் பருத்திருக்கும். பெயரின் பொருளே "தடித்த முதுகெலும்பு". நடுவுடலில் கனம் கூடினால் பாம்பு நீருக்குள் கிடையாக நிலைத்து நிற்க முடியும்.

இதில் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று, எலும்பு வெளியே பருப்பது, கண்ணால் தெரியும். மற்றொன்று, வெளியே மாறாமல் உள்ளே இருக்கும் வெற்றிடம் நிறைந்து இறுகுவது. அறுத்துப் பார்த்தாலோ சி.டி. ஸ்கேன் எடுத்தாலோதான் தெரியும். மொராக்கோவின் பாலியோஃபிஸ் மக்ரேபியானஸின் முள்ளெலும்புகளை 2013இல் இப்படி ஆராய்ந்தபோது முன், நடு உடலில் இரண்டாவது வகை இறுக்கம் தெரிந்தது. அதனால் ஆழ்கடலைவிட ஆழமில்லாக் கடலே அதற்குப் பொருத்தம். அதே எலும்பில் இரத்தக் குழாய்த் தடங்கள் நெருக்கமாக இருந்தன. அதே அளவுள்ள இன்றைய பாம்புகளைவிட வேகமாக வளர்ந்திருக்கலாம் என்பதற்கு அறிகுறி.

கனம் இல்லாததால் கடல் பாம்பு அல்ல என்று மறுபுறமாக வாதிடாதீர்கள். இன்றைய ஹைட்ரோஃபிஸ்களின் எலும்பு அப்படிக் கனத்ததல்ல.

12 மீட்டர், 15 மீட்டர் என்று நீளம் சொல்கிறார்களே, எப்படி?

மாலியில் கிடைத்த பாலியோஃபிஸ் கொலோசேயஸ் நல்ல எடுத்துக்காட்டு. 1983இல் ழான்-குளோத் ராஜ் பெயரிட்டார். பின்னர் 2018இல் செய்த கணக்கில் நீளம் 8.1 மீட்டர் முதல் 12.3 மீட்டர் வரை வந்தது. ஒரே பாம்பு, ஒரே எலும்புகள். எந்த அளவை எடுத்தோம் என்பதைப் பொறுத்து நான்கு மீட்டர் வித்தியாசம். செய்தித்தாள் எதை எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கணக்கின் அடிப்படை இது: இன்றைய பாம்புகள் பலவற்றின் முள்ளெலும்பு அகலத்தையும் உடல் நீளத்தையும் அளந்து ஒரு சமன்பாடு போடுவார்கள். புதைபடிவ எலும்பின் அகலத்தை அதில் போட்டால் நீளம் வரும். மூன்று இடங்களில் சறுக்கும்.

சமன்பாட்டில் பெரும்பாலும் மலைப்பாம்பும் போவாவும்தான் இருக்கின்றன. அவற்றின் முள்ளெலும்பு அகலமானது. பாலியோஃபிடேயின் முள்ளெலும்பு ஒடுங்கியது. மூட்டுகளின் குறுக்கு அகலத்தை எடுத்தால் நீளம் குறையும். கிண்ணத்தின் அகலத்தை எடுத்தால் கூடும்.

எலும்பு உடலின் எந்த இடத்தது என்பது அடுத்தது. நடுவுடல் எலும்புதான் பெரிது. கழுத்துப் பக்கத்து எலும்பை நடுவுடல் என்று நினைத்தால் பாம்பு சுருங்கிவிடும்.

முள்ளெலும்புகளின் எண்ணிக்கை மூன்றாவது. ஒவ்வொன்றும் சராசரி 25 மி.மீ. என்று வையுங்கள். 250 எலும்பு என்றால் 6.25 மீட்டர், 350 என்றால் 8.75 மீட்டர். கையில் இருப்பதோ பத்து எலும்பு. இத்தாலியின் மாண்டே போல்காவில் கிடைத்த ஆர்க்கியோஃபிஸ் ப்ரோவஸ் ஒரு சிறு பாம்பு, ஆனால் 565 முள்ளெலும்புகள். எண்ணிக்கை உடல் அளவைத் தொடர்ந்து போவதில்லை.

எனவே நீளம் எழுதும்போது வீச்சாகவே எழுதுங்கள், எந்த அளவை வைத்துக் கணக்கிட்டது என்பதையும் சேர்த்து.

கட்ச்சில் கிடைத்த வாசுகி கடற்பாம்பா?

இல்லை. பாற்கடலைக் கடையக் கயிறான பாம்பின் பெயர் என்பதால் பலர் அப்படி நினைத்துவிடுகிறார்கள். வாசுகி இண்டிகஸ், குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பனந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முள்ளெலும்புகளை வைத்து 2024இல் தேபஜித் தத்தாவும் சுனில் பாஜ்பாயும் பெயரிட்டது. சுமார் 4.7 கோடி ஆண்டுப் பழமை. நீளம் ஒரு கணக்கில் 10.9 முதல் 12.2 மீட்டர், இன்னொரு கணக்கில் 14.5 முதல் 15.2 மீட்டர். மேலே சொன்ன சறுக்கல் இங்கேயும் கண்முன் தெரிகிறது.

அது மாட்சோயிடே என்ற வேறு குடும்பம். முள்ளெலும்பு அகலமானது: பெரியதன் அகலம் 111 மி.மீ. வரை, நீளம் 63 மி.மீ.க்குள். பக்கவாட்டில் ஒடுக்கமே இல்லை. கரையோரச் சதுப்பில் மெதுவாக நகர்ந்து பதுங்கி வேட்டையாடிய பாம்பு என்பதே விவரித்தவர்களின் கருத்து. கொலம்பியாவின் டைட்டனோபோவாவும் கடற்பாம்பு அல்ல.

ஆனால் அதே பனந்த்ரோ சுரங்கத்திலிருந்துதான் உண்மையான கடற்பாம்புகளும் வந்தன என்பதுதான் சுவை.

இந்தியாவில் உண்மையான பழங்கடற்பாம்பு எங்கே கிடைத்தது?

குஜராத்தில், இரண்டு பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில். கட்ச்சின் பனந்த்ரோவிலிருந்து டெரோஸ்ஃபீனஸ் கட்சென்சிஸ், டெரோஸ்ஃபீனஸ் பிஸ்வாசி என்ற இரண்டும் 2003இல் பெயர் பெற்றன. சூரத் மாவட்டத்து வஸ்தான் சுரங்கத்திலிருந்து பாலியோஃபிஸ் வஸ்தானியென்சிஸ் 2007இல்.

பழுப்பு நிலக்கரி என்றால் காடு, சதுப்பு என்று தோன்றும். கடற்பாம்புக்கு அங்கே என்ன வேலை? அந்தச் சதுப்புகள் கடலோரத்தில் இருந்தன. கடல் ஏறும்போது நிலக்கரிப் படுகைக்கு மேலும் இடையிலும் களிமண் படிந்தது. பாம்பெலும்பு அந்தக் களிமண் அடுக்குகளில் வரும், நிலக்கரியில் அல்ல. எந்த அடுக்கு என்று குறிக்காமல் சுரங்கக் குவியலிலிருந்து பொறுக்கிய எலும்பு, கடல் பாம்பா சதுப்புப் பாம்பா என்ற கேள்விக்கு உதவவே உதவாது.

அரியலூரில் தேடினால் கிடைக்குமா?

காலம் பொருந்துகிறது. காரைப் பகுதியின் களிமண் அடுக்குகளில் செனோமேனியன் கட்டமும் அடங்கும். பாக்கிராக்கிஸ் வாழ்ந்த அதே காலம், அதுவும் கடல் வண்டல். அம்மோனைட், பெலம்னைட், சுறாப் பல், இக்தியோசார் எலும்பு அங்கே கிடைத்திருக்கின்றன. ஆனால் காலுள்ள கடற்பாம்புகள் மத்தியதரைப் பகுதியையும் ஐரோப்பாவின் மேற்குக் கரையையும் சுற்றியே கிடைக்கின்றன. அப்போது இந்தியா தெற்கே வெகுதொலைவில், மடகாஸ்கரோடு ஒட்டியபடி இருந்தது. எனவே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள். சுறாப் பல்லுக்காகச் சலிக்கும் மண்ணில் 3 மி.மீ. முள்ளெலும்பு வந்தால் மீன் என்று ஒதுக்குமுன் முனைகளைப் பாருங்கள். தேடலுக்கு அது போதும்.

மண்ணைச் சலித்து எலும்பு எடுப்பது எப்படி?

களிமண் என்றால் மண்ணெண்ணெய் முறை நம்பகமானது. மண்ணை இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் முழு முறையும் வீண். துளைகளில் தண்ணீர் இருந்தால் எண்ணெய் உள்ளே போகாது. காய்ந்த கட்டிகளை எண்ணெயில் மூழ்கவைத்துச் சில மணி நேரம் விட்டு, எண்ணெயை முழுக்க வடித்து, உடனே வெந்நீர் ஊற்றுங்கள். களிமண் தானாகக் குழைந்து சேறாகும். திறந்த வெளியில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். தண்ணீரை மூடிய பாத்திரத்தில் கொதிக்கவைத்துத் தூரத்திலிருந்து கொண்டு வாருங்கள்.

பிறகு மேலே 2 மி.மீ., கீழே 0.5 மி.மீ. சல்லடை வைத்து மெல்லிய நீர்த்தாரையில் கழுவுங்கள். விரலால் தேய்க்காதீர்கள், சிறகு முள் போவது இங்கேதான். சல்லடையைத் தொட்டித் தண்ணீரில் மேலும் கீழும் அசைப்பது நல்லது. நிழலில் காயவைத்து, ஈரத் தூரிகை நுனியால் பைனாகுலர் நுண்ணோக்கியின் கீழ் பொறுக்குங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு வேகமாக வேலை செய்யும் என்று சிலர் சொல்வார்கள். குஜராத் பழுப்பு நிலக்கரிப் படுகைகளில் கந்தகமும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமமும் அதிகம். பெராக்சைடு பைரைட்டோடு சேர்ந்தால் நுரைத்துச் சூடாகும், அமிலம் உண்டாகும், அமிலம் எலும்பைத் தின்னும். அந்த மண்ணுக்கு அது வேண்டாம்.

சுண்ணாம்புக்கல்லில் எலும்பு இருந்தால் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கல்லைக் கரைப்பார்கள். அமிலத்தில் முன்கூட்டியே கால்சியம் பாஸ்பேட் கலந்துவைத்தால் எலும்பு கரைவது குறையும். வெளிப்பட்ட எலும்பை ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு நன்கு அலசி, காயவைத்து, பாதுகாப்புப் பூச்சு கொடுத்த பின்பே அடுத்த சுற்று. ஒரே வாரத்தில் முடிக்க நினைத்தால் எலும்பு நுனிகள் காணாமல் போகும்.

நஞ்சு இருந்ததா?

பாலியோஃபிடேயின் மண்டையோடு அரிதினும் அரிது. நச்சுப்பல் ஆதாரம் எதுவும் இல்லை. படங்களில் வரையும் கோரைப்பல் ஓவியரின் கைவண்ணம்.

ஏன் அழிந்தன?

இயோசீன் கடைசியில், 3.4 கோடி ஆண்டுகள் முன்பு உலகம் வேகமாகக் குளிர்ந்தது. அண்டார்டிகாவில் பனி கட்டத் தொடங்கியது, கடல்மட்டம் இறங்கியது. வெப்பக் கடலின் கரையோரத்தில் வாழ்ந்த குளிர்ரத்தப் பிராணிக்கு இரண்டுமே அடி. காலம் பொருந்துகிறது, அதற்கு மேல் நேரடிச் சான்று இல்லை. பக்கத்தில் பாலூட்டிகளான திமிங்கிலங்கள் பெருகிவந்ததையும் சிலர் காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் எகிப்திலும் அலபாமாவிலும் டெரோஸ்ஃபீனஸும் பழந்திமிங்கிலங்களும் ஒரே பாறைத் தொகுதிகளில் கிடைக்கின்றன. சேர்ந்தே வாழ்ந்திருக்கின்றன.

மொராக்கோ பாம்பெலும்பு இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

கூரிப்கா பாஸ்பேட் சுரங்கப் பகுதியிலிருந்து பாலியோஃபிஸ் முள்ளெலும்புகள் சந்தைக்கு வருகின்றன. ஒற்றை எலும்பு பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். "ஒரே பாம்பின் எலும்புக்கோவை" என்று கல்லில் பதித்து விற்பது பெரும்பாலும் ஒட்டுவேலை. பக்கத்துப் பக்கத்து எலும்புகளில் ஒன்றின் குமிழ் அடுத்ததன் கிண்ணத்தில் பொருந்துகிறதா என்று பாருங்கள். அளவு திடீரென ஏறி இறங்கினால் பல பாம்புகளைக் கோத்திருக்கிறார்கள். புற ஊதா டார்ச் அடித்தால் பசை தனியாக ஒளிரும். பஞ்சில் அசிட்டோன் தொட்டு, எலும்பில் படாமல் கல்லின் ஓரத்தில் தேய்த்தால் மணலும் பசையும் குழைத்த பொய்க்கல் இளகும். ஏற்றுமதி அனுமதி கேளுங்கள். மொராக்கோவில் அது தேவை. அடுக்கின் விவரம் இல்லாத எலும்பு அலமாரிக்கு அழகு, ஆய்வுக்குப் பயனில்லை.

இந்த ஏமாற்று புதிதல்ல. 1845இல் ஆல்பர்ட் காக் என்பவர் அலபாமாவின் எலும்புகளைக் கோத்து 114 அடி நீளக் கடல் நாகம் என்று நியூயார்க்கில் காட்டினார். உடற்கூற்றியல் அறிஞர் ஜெஃப்ரிஸ் வைமன் பற்களைப் பார்த்தார். இரண்டு வேர். பாம்பின் பல்லுக்கோ பல்லியின் பல்லுக்கோ இரண்டு வேர் கிடையாது; அது பாலூட்டி. பாசிலோசாரஸ் என்னும் திமிங்கிலங்கள் பலவற்றின் எலும்புகள் அவை.

வீட்டில் வைத்திருக்கும் எலும்பு வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. என்ன செய்வது?

பைரைட் நோய். இங்கிலாந்தின் ஷெப்பித் தீவு லண்டன் களிமண்ணில் கிடைக்கும் எலும்புகளுக்கு இது பரம்பரைத் தொல்லை. 1841இல் ரிச்சர்ட் ஓவன் பாலியோஃபிஸ் டோலியாபிகஸுக்குப் பெயரிட்டது அந்தத் தீவின் எலும்புகளை வைத்துத்தான். எலும்புக்குள் இருக்கும் பைரைட், காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து அமிலமாகவும் உப்பாகவும் மாறுகிறது. உப்பு பருமனில் பெரிது, எலும்பை உள்ளிருந்தே பிளக்கும். கந்தக வாடை, மஞ்சள் அல்லது வெள்ளைப் பொடி, அடியில் வைத்த லேபிள் காகிதம் கருகுவது ஆகியவை அறிகுறி.

முதலில் அந்த எலும்பை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பொடியை உலர்ந்த தூரிகையால் எடுங்கள், தண்ணீர் படக்கூடாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடும் சிறிய ஈரப்பதமானியோடும் வைத்து, ஈரப்பதத்தை 45 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள். 60ஐத் தாண்டினால் நோய் வேகமெடுக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வீட்டுக்குள் அதைத் தாண்டாத நாள் குறைவு. அங்கே திறந்த அலமாரி கூடவே கூடாது. சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறியதும் வறுத்து உலர்த்திப் போடுங்கள்.

நன்கு உலர்ந்த பிறகு 100 மில்லி அசிட்டோனில் 5 கிராம் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைக் கரைத்துத் தூரிகையால் மெல்லியதாகப் பூசலாம். பூச்சு உடையாமல் பிடித்துவைக்கும், நோயை நிறுத்தாது. நிறுத்துவது வறண்ட காற்றுதான். ஃபெவிகால் போன்ற நீர்ப்பசை வேண்டாம், அதன் தண்ணீரே நோயைத் தூண்டும். பூசுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து அளவும் குறித்துவிடுங்கள்: கிண்ணத்தின் அகலம், உயரம், முள்ளெலும்பு உடலின் நீளம், மூட்டுகளின் குறுக்கு அகலம். எலும்பு நாளை உதிர்ந்தாலும் அந்த நான்கு எண்கள் போதும், நீளக் கணக்குப் போட.